குடும்பம் மட்டும்

"இப்ப ஒண்ணு, குடும்பம் மட்டும்" என்றாள் என் மாமியார் நோலீன்.

கப்பலில் ஏறும் பாலத்துக்கு முன்னால் நீலத் திரை ஒன்றைக் கட்டி, ஏறப் போகிறவர்களையெல்லாம் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் வைத்து ஒன்று எடுத்தாயிற்று. இது இரண்டாவது.

எனக்கு இது புதிதா என்ன? கல்யாணமோ, கிறிஸ்துமஸோ, கென்னர்லி வீட்டில் எதற்கும் இரண்டு படம் உண்டு. ஒன்றில் எல்லோரும் இருப்போம். இன்னொன்றில் ரத்த உறவு மட்டும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது இரண்டாவதைத்தான்.

நான் தள்ளி நின்றேன். என் நாத்தனார் ஜனீனின் புருஷன் கார்லும் தள்ளி நின்றான். எல்லோருடைய கைப்பைகளும் எங்கள் காலடியில் வந்து குவிந்தன.

"நாம மூட்டை தூக்க வந்தவங்க, லின். கூலி கேட்டா கடல்ல தள்ளிடுவாங்க" என்று கண்ணடித்தான் கார்ல்.

அவனுக்கு இது விளையாட்டு. அவன் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள்.

என் புருஷன் வாரன், என் தோளில் தொங்கிய பையில் இருந்தான். மார்ச் மாதம் புற்றுநோய் கொண்டுபோனது போக மிச்சம், ஒரு பெட்டிச் சாம்பல்.

இந்தப் பயணமே அதற்காகத்தான். நூமியா துறைமுகத்துக்குப் போகிற வழியில், கப்பல்காரர்களின் அனுமதியோடு, நடுக்கடலில் கரைப்பது என்று நோலீன் முடிவு செய்துவிட்டாள். மாமனாரையும் அப்படித்தான் கரைத்தார்களாம். கென்னர்லிகள் பரம்பரையாகக் கடல்காரர்களாம்.

வாரன் மட்டும் அப்படி இல்லை. சிட்னியிலிருந்து மான்லிக்குப் போகிற அரைமணி நேரப் படகில் ஏறினாலே அவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

"என்னைக் கடல்ல மட்டும் போட்றாத, லின். செத்தப்புறமும் வாந்தி எடுத்துக்கிட்டே கிடக்க என்னால ஆகாது." ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கையை மட்டும் விடவில்லை. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

நோலீனிடம் போய்ச் சொல்லவும் செய்தேன். "பெத்தவளுக்குத் தெரியாதா அவனுக்கு என்ன பிடிக்கும்னு?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் குடும்பத்தில் நான் ஒப்புக்குச் சப்பாணி. இந்தப் பயணத்துக்கென்று 'கென்னர்லி குடும்பம்' என்று முதுகில் அச்சடித்த பனியன்கூட எல்லோருக்கும் புதிது. எனக்கு மட்டும் இல்லை. "வாரனோட பழசு இருக்குமே கண்ணு, அதைப் போட்டுக்கோயேன்" என்றாள் நோலீன். போட்டுக்கொண்டேன். நைட்டி மாதிரி தொங்கியது.

திரைக்கு முன்னால் அவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். என் மகள் டெஸ் நடுவில். அவள் ரத்தம், அதனால் உண்டு. என் பக்கம் வர ஒரு அடி எடுத்து வைத்தாள். பாட்டி தோளைப் பிடித்து அழுத்தவும் நின்றுவிட்டாள்.

ஓரத்தில் டால்பின் வேஷம் போட்ட கப்பல் சிப்பந்தி ஒருவன் துடுப்பைத் தூக்கி ஆட்டினான். அவனை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

"ஐயோ, நில்லுங்க!" என்று கத்தினாள் நோலீன். "வாரன் இல்லாம என்ன குடும்பப் படம்? லின், அந்தப் பெட்டியை எடு."

கார்ல் சிரிப்பதை நிறுத்திவிட்டான். பின்னால் நின்ற வரிசை எங்களையே பார்த்தது.

பெட்டியை வெளியே எடுத்தேன். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"நானே பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், நோலீன். ஓரமா நிக்கறேன்."

எனக்கே வெட்கமாக இருந்தது, அப்படிக் கெஞ்சியது. ஆனால் அந்த நிமிஷம் அவள் 'சரி, வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மனசில் இருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டியிருப்பேன். சத்தியமாக.

"குடும்பம் மட்டும்னு சொன்னேன்ல, கண்ணு?" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தேன்.

பெட்டியைக் கன்னத்தோடு வைத்து, மூடி இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என் புள்ள வாசனை இன்னும் போகலடி" என்று ஜனீனிடம் காட்டினாள். ஜனீனும் முகர்ந்துவிட்டுத் தலையாட்டினாள். டெஸ் விசும்பினாள். டால்பின்கூடத் துடுப்பை இறக்கிக்கொண்டது. படம் எடுத்தார்கள்.

வாசனை எப்படிப் போகும்? போன சனிக்கிழமைதான் வாரனின் பார்பிக்யூ அடுப்பில் நல்ல கொழுப்புள்ள சாசேஜாகப் பார்த்துச் சுட்டேன். அடியில் கிடந்த விறகுச் சாம்பலைச் சலித்து, பெட்டியில் நிரப்பி, மூடியை ஒட்டினேன்.

வாரன் எங்கள் கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் இருக்கிறான். வீட்டுக்குள் நல்ல கழிப்பறை இருக்க, பீர் குடித்துவிட்டு அந்த மரத்தடிக்குத்தான் போவான். மரத்துக்கு உரம் என்பான். இனி அவனே உரம்.

கப்பல் ஊதியது. கைப்பைகளை எல்லோரிடமும் எடுத்துக் கொடுத்துவிட்டு, டெஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

இது குடும்பத்துக்குள் மட்டும் இருக்க வேண்டிய விஷயம்.