வராதவன் தூங்குவான்

ஞாயிறு மதியம் திண்டிவனத்தில், ஆர்த்தி வீட்டு மாடியில் நாலு பேர் பகடை உருட்டிக் கதை ஆடுவோம். ஆர்த்தி கதையை நடத்துவாள். எங்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். ஆட வராதவனுடைய கேரக்டர் கதைக்குள் கூடாரத்தில் தூங்கும், அதற்கு ஒன்றும் ஆகாது என்பது அவள் விதி. எனக்கு அது பிடிக்காது.

அன்று விழுப்புரத்திலிருந்து வர வேண்டிய மணிமாறனைக் காணோம். போனையும் எடுக்கவில்லை. கதையில் நாங்கள் ஒரு பழைய பாலத்தைக் கடக்க வேண்டும்.

"அவன் கேரக்டரையும் இட்டுக்கினு போலாம்," என்றேன்.

"ரூல் ரூல்தான். தூங்கட்டும்," என்றாள் ஆர்த்தி.

என்னோடு ஆடும் பர்வீன் தன் கேரக்டரின் பொருள்பட்டியலில் 'பச்சைக் கம்பளி' என்ற வரியை அடித்தாள். "அவனுக்குக் குளுரும். போத்திட்டு வர்றேன்."

பகடையில் ஒன்று விழுந்தது. பாலம் உடைந்து எங்கள் இருவர் கேரக்டருக்கும் கை காலில் அடி.

நாலு மணிக்கு மணிமாறன் படியேறி வந்தான்.

"விக்கிரவாண்டிகிட்ட பஸ் கவுந்துடுச்சு. எல்லாருக்கும் கை கால்ல அடி. நான் தூங்கிக்கினு இருந்தேன். ஒரு கீறல்கூட இல்ல."

எங்களுக்குப் போன உயிர் வந்தது. ஆர்த்தி தண்ணீர் கொடுத்தாள்.

"இந்த வெயில்ல யாரோ இத போத்தி விட்டிருக்காங்க," என்று தோளில் கிடந்த பச்சைக் கம்பளியைக் காட்டினான்.

பர்வீன் அதை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு பட்டியலை எடுத்து, அடித்த வரிக்குக் கீழே 'பச்சைக் கம்பளி' என்று திரும்ப எழுதினாள்.