இலக்கணப் புத்தகத்தின் நூறாம் பக்கம்

கொரியாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிவந்த போரம், கூடவே ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தை அவள் தாண்டியதே இல்லை. ஒரு தப்பு வந்தாலும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விடுவாள். எல்லாம் சரியாக வந்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று வைராக்கியம்.

மத்தியானமானால் கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி, ஆவி போகாமல் அந்தப் புத்தகத்தால் மூடி வைப்பாள்.

"மூடி வேலைக்கா இவ்வளவு படிச்சே?" என்று வெந்நீர்க் கெட்டில் புத்தகத்தைச் சீண்டும்.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதே. 'கம் இன்', 'சிட் டவுன்'னு ஜோடி வார்த்தையெல்லாம் நூறாம் பக்கத்துல வச்சிருக்கேன். அவ அங்க வரட்டும், பாரு" என்று புத்தகம் முறைக்கும். வரவே மாட்டாளோ என்று உள்ளுக்குள் அதற்கும் பயம்தான்.

ஒருநாள் அப்படி மூடி வைத்த நேரத்தில் அழைப்புமணி அடித்தது. எதிர்வீட்டுச் செண்பகம், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். போரம் புத்தகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செண்பகத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"யூ... கம். சிட். ஈட்."

'மானம் போச்சு' என்று புத்தகம் தலையில் அடித்துக்கொண்டது. செண்பகமோ, "ஐயோ, ஐ வெரி ஹங்ரி!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது கப் இரண்டு, மூடி ஒன்று. போரம் புத்தகத்தை நட்டநடுவில் விரித்து, இரண்டின் மேலும் குப்புறக் கவிழ்த்தாள். நூறாம் பக்கத்தில் முதன்முதலாகச் சூடு ஏறியது.

"என்ன, வந்துட்டாளா?" என்றது கெட்டில்.

"சும்மா இரு," என்றது புத்தகம். "அவங்க பேசுறது கேக்கல."