ஐந்தாவது வாசிப்பு

கொட்டாஞ்சேனையில் மெற்றில்டா ரீச்சர் வீட்டில் நான்கு மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். வீட்டில் தங்குவோரைப் பதியும் பொலிஸ் பதிவிலும் நான்கு பெயர்கள்தான். ஐந்தாவதாக இருந்த பெயர் றேமண்ட். போன மாதம் அவனைப் பேலியகொடையில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு தகவல் இல்லை. ரீச்சரே பதிவில் அவன் பெயரை வெட்டினார்.

சனிக்கிழமை காலை ஊசல் பரிசோதனை. இருபது அலைவுக்கான நேரத்தை ஆளுக்கொரு தடவை அளந்து தாளில் எழுத வேண்டும். பதிவைச் சரிபார்க்க வந்த பொலிஸ்காரர் அந்தத் தாளை எடுத்தார்.

“ஆள் நாலு. இதில அஞ்சு இருக்கு. மத்த ஆள் எங்க?”

ரீச்சர் பார்த்தார். நான்கு எண்கள் நாற்பது செக்கன். ஐந்தாவது முப்பத்தெட்டு. ஊசல் குண்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணினால் ஓர் அலைவு குறைந்து அப்படித்தான் வரும். றேமண்ட் மட்டுமே விடும் பிழை அது. நேரத்தில் ஐந்து வீதம் பிழைத்தால் ஈர்ப்புக் கணக்கின் விடையில் பத்து வீதம் பிழைக்குமென்று எத்தனை தரம் ஏசியிருப்பார்!

“அது பிழை சேர், வெட்டிவிடுறன்.” ஒரே கோட்டில் வெட்டினார்.

“திரும்பச் செய்ங்க. நான் பாக்கிறன்.”

ரீச்சர் ஒவ்வொரு தடவையும் குண்டை விட்டு, “சைபர்” என்று உரக்கச் சொன்னார். நால்வரும் அளந்து புதுத் தாளில் எழுதினார்கள். பொலிஸ்காரர் அளந்தவர்களை விரல்விட்டு எண்ணினார். பிறகு தாளுக்குக் கை நீட்டினார்.

தாளில் ஐந்து எண்கள் இருந்தன. ஐந்தும் நாற்பது.

எதை வெட்டுவதென்று ரீச்சருக்குத் தெரியவில்லை.