குப்பைக்குள் விழுந்த மெயில்

"இஞ்சருங்கோ, வாசலில ரெண்டு பேர் நிக்கினம். பொலிஸாம்."

மனைவி கமலாசனி வாசலில் இருந்து ஓடி வந்தாள். விவேகானந்தன் சோற்றுக் கையோடு எழுந்து வந்தான். சீருடை இல்லாத இருவர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஜீப்.

"கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துற மாஸ்டர் நீங்கதானே? சேர் வரச் சொன்னார். சின்ன விசாரணை."

"எந்தச் சேர்? எந்தப் பொலிஸ்?"

"வந்தா தெரியும்."

வன்னியில் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை உச்சத்தில் இருந்த 2008. இப்படி ஏற்றிப் போன தமிழ்ப் பெடியன்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று கண்டிக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த கெலிஓயாவில் எல்லோருக்கும் தெரியும்.

"நானும் வாறன்" என்றாள் கமலாசனி.

"வேண்டாம். பயப்படாதையும். பின்னேரத்துக்குள்ள வந்திடுவன்."

சொன்னவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஜீப் பேராதனையைக் கடந்து கண்டி நகருக்குள் நுழைந்தது. பொலிஸ் நிலையம் தெரிந்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் ஜீப் நிற்கவில்லை. நிலையத்தைத் தாண்டி வத்தேகமப் பாதையில் ஏறியது.

அண்ணனின் மெயில்தான்! வேறென்ன இருக்க முடியும்? கனடாவில் இருக்கும் அண்ணன் வாராவாரம் வன்னிச் சண்டைப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தான். 'அனுப்பாதேங்கோ' என்று பதில் எழுதவும் விவேகானந்தனுக்குப் பயம். வருகிற எல்லாவற்றையும் திறக்காமலே குப்பை மெயில் பெட்டிக்குள் தள்ளிவிடுவான்.

ஒரு தனி வீட்டின் முன் ஜீப் நின்றது. உள்ளே, சன்னல்கள் சாத்திய அறையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் நரைத்த மீசையோடு ஓர் இன்ஸ்பெக்டர். கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் பிஸ்டல். கூட்டி வந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவர் கதிரையைக் காட்டினார்.

"இருங்க. நான் திருகோணமலையில கன காலம் வேலை செஞ்சேன். தமிழிலயே பேசலாம்."

விவேகானந்தன் கதிரை நுனியில் உட்கார்ந்தான்.

"வகுப்பில பிள்ளைகளுக்கு இன்டர்நெட் பார்க்க எக்ஸ்புளோரர் வேணாம், ஃபயர்பொக்ஸ் பாவியுங்க எண்டு சொல்றீங்களாம். ஏன்?"

"அது... வேகம் கூட, சேர். வைரஸும் குறைவு."

"அவ்வளவுதானா?"

அவர் கண் இமைக்காமல் பார்த்தார்.

"ஃபயர்பொக்ஸை மூடேக்க, பார்த்த பக்கங்களைத் தானாவே அழிக்கச் சொல்லி வைக்கலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அழிச்சா? பிறகு ஆமி வந்து பார்த்தாலும் தெரியாதா?"

"லேசில தெரியாது, சேர்."

"ம்." இன்ஸ்பெக்டர் விரலால் மேசையைத் தட்டினார். "இந்தக் குப்பை மெயில். லொத்தர்ப் பரிசு விழுந்திருக்கு, மருந்து வாங்குங்க எண்டெல்லாம் வருமே. அதுக்குள்ள தெரிஞ்ச ஆள் போட்ட மெயிலும் போய் விழுமா?"

"புது முகவரியில இருந்து வந்தால் விழும், சேர்."

"விழுந்தா, அதை வேற ஆள் எடுத்து வாசிக்கலாமா?"

வந்துவிட்டது. இதற்குத்தான் இவ்வளவும்.

குப்பைப் பெட்டிக்குள் விழுந்தது ஒரு மாதத்துக்கு அப்படியே கிடக்கும். கணக்கைத் திறக்கத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். வகுப்பில் அவனே சொல்லிக்கொடுக்கிற பாடம். அண்ணனின் படங்கள் அத்தனையும் இந்த நிமிடம் அங்கேதான் கிடக்கின்றன.

"ஏலாது, சேர்" என்றான். "குப்பைக்குள்ள விழுந்தது ஒரு நாளில தானா அழிஞ்சு போயிடும். ஒருத்தராலும் எடுக்கேலாது."

"நிச்சயமா?"

"நிச்சயம், சேர்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். சன்னல் பக்கம் போய், திரும்பி நின்றார். விவேகானந்தனுக்குக் கமலாசனியின் முகம் நினைவுக்கு வந்தது.

"எங்கட ஆள் ஒருத்தன்கிட்ட இதைக் கேட்டா, நாளைக்கே காட்டிக் குடுத்திடுவான்" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க வெளிய சொல்ல மாட்டீங்க. உங்களுக்குப் பயம் இருக்கு. அதாலதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"எதைச் சொல்ல மாட்டன், சேர்?" என்றான் விவேகானந்தன்.

"என்ட மகன் ஆமியில. வன்னியில இருந்து ஓடி வந்திட்டான். எங்க ஒளிச்சிருக்கிறான் எண்டு புது முகவரியில இருந்து எழுதியிருந்தான். குப்பைக்குள்ள கிடந்துது. வாசிச்ச உடனே மூடினேன், பிறகு திறக்கவே பயம். ஆமிப் பொலிஸ் இப்ப இங்க வந்துகொண்டிருக்கிறாங்க, இந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல காலம், அது போச்சுதானே?"

விவேகானந்தன் பிஸ்டலைத் தள்ளி வைத்துவிட்டுக் கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"போகேல்லை, சேர். பயத்தில பொய் சொன்னனான். கெதியா வாங்கோ, அவங்கள் வர முந்தி அழிப்பம்."