கடைசி பெஞ்ச் போட்ட நட்சத்திரம்

"கடைசி பெஞ்ச் மறுபடியும் ஒரே ஒரு நட்சத்திரம்தான் போட்டிருக்கான், அக்கா."

தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

துணி தேய்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் ஆபீஸ். அக்கா முதலாளி, தம்பி புரோகிராமர், வேறு ஆள் கிடையாது. அவர்கள் செய்த ஆப்பின் பெயர் 'இரவல்'. ஏணி, டிரில்லிங் மெஷின், மடக்கு நாற்காலி என்று அக்கம்பக்கத்து வீடுகளில் சும்மா கிடக்கும் சாமான்களை அதன் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆப் ஸ்டோரில் அதற்கு விடாமல் விமர்சனம் எழுதும் ஒரு முகம் தெரியாத ஆசாமி, தனக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் 'கடைசி பெஞ்ச்'.

"என்ன எழுதியிருக்கான்?"

"'ஏணி இரவல் கேட்டால் பிறந்த தேதி கேட்கிறீர்கள். ஏணிக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா?'ன்னு."

"நியாயம்தானே. அதை எடுத்துடு."

"போன தடவை தேடுற பட்டன் கண்ணுக்கே தெரியலன்னான், மாத்தினோம். அதுக்கு முந்தி, கண்ட நேரத்துல நோட்டிபிகேஷன் அனுப்பி உசிரை வாங்கறோம்னான், நிறுத்தினோம். என்ன செஞ்சாலும் ஒண்ணுக்கு மேல ஏற மாட்டேங்கறான். எவனோ நம்ம மேல வஞ்சம் வெச்சிருக்கான். ஸ்டோர்ல புகார் கொடுத்து ஆளைத் தூக்கிடலாம்க்கா."

"வேண்டாம். சொன்னதைச் சரி பண்ணு."

தம்பிக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. அது அக்காவின் கணவர்மேல்.

மாமா ஒரு கம்ப்யூட்டர் பைத்தியம். சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுதான். "இப்பல்லாம் ஸ்டார்ட்அப்னா முதல்ல பேர் போட்டு டி-ஷர்ட் அடிச்சிடறாங்க. என்ன செய்யப் போறோம்னு அப்புறமா யோசிக்கறாங்க" என்பார். "ஒரு செய்தி படிக்கப் போனா, குக்கீ வேணுமா, ஆப் வேணுமா, மெயில் ஐடி குடுன்னு வாசல்லயே வழி மறிக்கறான்" என்பார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சாப்ட்வேரை அப்டேட் செய்து கெடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு நரகம் கட்ட வேண்டும் என்பார்.

ஊர் உலகத்தில் எல்லாவற்றையும் அலசிப் பிழியும் அந்த வாய், அக்கா 'இரவலை'க் காட்டினால் மட்டும், "பிரமாதம்மா" என்று முடித்துக்கொள்ளும்.

நம்ம ஆப்பை இவர் திறந்துகூடப் பார்க்கறதில்ல என்று தம்பி மனசுக்குள் பொருமுவான்.

அன்று சாயங்காலம் அக்காவை அழைத்துப்போக மாமா ஆபீசுக்கு வந்தார். அக்கா வெளியே படிக்கட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் லைனில் இருந்தார். எல்லா வீடுகளுக்கும் 'இரவல்' வேண்டுமா வேண்டாமா என்று அன்று சொல்வதாக ஏற்பாடு.

மாமா சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

தம்பி பிறந்த தேதியைத் தூக்கி முடித்த கையோடு, கடைசி பெஞ்சுக்கு ஸ்டோரில் பதில் போட்டான். 'எடுத்துவிட்டோம். இப்போதாவது திருப்தியா?'

சோபாவில் டிங் என்றது. மாமா போனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

தம்பி நிமிர்ந்தான். பதிலில் ஒரு வார்த்தையைத் திருத்தி மறுபடி அனுப்பினான்.

மறுபடி டிங்.

இந்த முறை நிதானமாக எழுதினான். 'கடைசி பெஞ்ச் சார், கால்மேல் போட்டிருக்கும் காலைக் கொஞ்சம் இறக்கலாமே.'

டிங். மாமா படித்தார். மெதுவாகக் காலை இறக்கினார்.

"நீங்களா மாமா?"

"மெதுவாப் பேசுடா. அவ காதுல விழுந்துடப் போகுது."

"வீட்டுல பிரமாதம்னுட்டு, இங்க வந்து முதுகுல குத்தறீங்க. உங்களை எதுல சேர்க்கறது?"

மாமா வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உங்கக்கா முதல்முதல்ல ஒரு ஆப் செஞ்சாளே, ஞாபகம் இருக்கா? ஆசையா எங்கிட்ட காட்டினா. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, குத்தம் குறையெல்லாம் அடுக்கிட்டேன். அவ அழல, சண்டை போடல. லேப்டாப்பை மூடினவதான், மாசக்கணக்குல திறக்கவே இல்ல. வீட்டுல இனி புருஷனா மட்டும் இருக்கணும்னு அப்ப முடிவு பண்ணினேன். ஆனா குறையை யாராவது சொல்லியாகணுமே. முகம் தெரியாதவன் சொன்னா ரோஷம் வரும், சரி பண்ணிடுவா."

"அதுக்காக ஒரு நட்சத்திரமா?"

"அஞ்சு போட்டிருந்தா நீ படிச்சிருப்பியா?"

தம்பி சிரித்துவிட்டான்.

"அவகிட்ட சொல்லிடாதே" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, வண்டியை எடுக்கக் கீழே போனார் மாமா.

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தாள். "மொத்தக் குடியிருப்பும் சேருதுடா. எதனாலன்னு கேட்டேன். தேடினா சட்டுனு கிடைக்குதாம், நேரங்கெட்ட நேரத்துல தொல்லை பண்றதில்லையாம்."

சந்தோஷத்தில் தம்பிக்கு ரகசியம் தொண்டையில் நிற்கவில்லை. "அக்கா, அந்தக் கடைசி பெஞ்ச் யாருன்னா..."

"உங்க மாமாதானே?"

கைப்பையை மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஆரம்பத்துலயே தெரியும். போன்ல எழுத்தை அவ்வளவு பெரிசா வெச்சுக்கிட்டு எழுதறாரு. பக்கத்துல உட்கார்ந்திருக்கறவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்க்கா காட்டிக்கல?"

கீழே ஹார்ன் அடித்தது. அக்கா விளக்கை அணைத்தாள்.

"காட்டிக்கிட்டா அங்க திட்டறதையும் நிறுத்திடுவாரு, வீட்டுல புகழறதையும் நிறுத்திடுவாரு. எனக்கு ரெண்டும் வேணும்டா."