ஒரு லிங்க்கூட உடையவில்லை

விபத்தில் அடிபட்ட பொன்னையனுக்கு நினைவில்லை. துணைக்கும் யாரும் வரவில்லை. போன வருடம் இதே ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை மட்டும் சட்டைப்பையில் இருந்தது: 'ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. விவரம் கணினியில்.' நர்ஸ் எஸ்தர் அதை எடுத்துக்கொண்டு ஆவண அறைக்கு ஓடினாள்.

ஆவணத் தலைவர் தணிகாசலம் திரையைப் பட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு எடத்துல இருக்கறத இன்னொரு எடத்துல எழுதக் கூடாது. லிங்க் குடுத்தாப் போதும். அதான் நம்ம கொள்கை" என்றபடி ஒவ்வாமைப் பக்கத்தைத் திறந்தார். அது மருந்தகப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னது. மருந்தகம் வார்டைப் பார்க்கச் சொன்னது. வார்டு, ஒவ்வாமைப் பக்கத்தையே பார்க்கச் சொன்னது.

"மருந்து பேரு எங்க சார்?"

"அது தரவும்மா. இன்னிக்கி வரும், நாளைக்கிப் போகும். கட்டமைப்பப் பாருங்க, ஒரு லிங்க்கூட உடையல. போன மாசம் வந்த ஆய்வுக் குழு எழுந்து நின்னு கை தட்டுச்சு."

எஸ்தர் அட்டையை அவர் மேசையில் வைத்தாள். "பழைய பேப்பர் ஃபைலக் குடுங்க."

"எரிச்சாச்சு. எல்லாந்தான் இதுல இருக்கே."

மேசையிலிருந்த போன் அடித்தது. எடுத்தாள். "நாடி விழுது சிஸ்டர். எதக் குடுக்கக் கூடாது?" என்றார் அறுவை அரங்கிலிருந்த டாக்டர்.

"தேடிட்டிருக்கோம் டாக்டர்."

"இந்தத் தடவ இன்னும் வேகமாத் தொறக்குது பாருங்க" என்றார், ஒவ்வாமைப் பக்கத்தை மறுபடி திறந்த தணிகாசலம்.

ஏதோ ஒரு மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடிக்கும் சத்தம் மட்டும் போனில் கேட்டது.