லேட் லிஸ்ட்

"எம் பொண்ணு பொய் சொல்றாளேன்னு கரண்டிக் காம்பாலயே போட்டேம்மா. இன்னும் கை வீங்கிக்கினு கீது. அவ ஃபாரம் போட்டாளா போடலயா, அத்த மட்டும் பாத்து சொல்லு."

சீனியம்மாள் இதை மூணாவது தடவ சொல்றாங்க. சில்வியா ஸ்கிரீன்ல இருந்து கண்ண எடுக்கல.

மணி நாலு. கிரேன் ஓட்டற ட்ரெய்னிங்குக்கு எடுக்கற ஆளுங்க லிஸ்ட்டு அஞ்சு மணிக்கு ஹெட் ஆபீசுக்குப் போயாகணும்.

திருவொத்தியூர்ல இருக்கற அந்த ட்ரெய்னிங் சென்டர்ல கம்ப்யூட்டர் வேல பாக்கறது சில்வியா ஒருத்திதான். பசங்க நெட் சென்டர்ல ஒக்காந்து ஏத்தற ஃபைலுங்கள எடுத்து டேட்டாபேஸ்ல சேக்கற ஸ்கிரிப்ட்டும் அவ எழுதுனதுதான்.

சீனியம்மாளோட பொண்ணு அன்புக்கரசி பேரு லேட் லிஸ்ட்ல கெடந்துது. கடைசி தேதி தாண்டி போட்டவங்களுக்கான லிஸ்ட்டு. அதுல விழுந்தா சீட்டு கெடையாது.

"மெஷின் பொய் சொல்லாதுக்கா. பசங்கதான் போட்டேன் போட்டேன்னு அளக்கும்."

"நீ சொல்லுவ. எங்க காத்திவாக்கத்துல எறா எட போடற மெஷினே பொய் சொல்லுது. இது மட்டும் அரிச்சந்திரனா?"

காலைல ஒம்பதுக்கு வந்து ஒக்காந்தவங்க. ஒரு டீகூட குடிக்கல. வாட்ச்மேன் ரெண்டு தடவ வந்து எழுப்பிப் பாத்துட்டாரு.

அந்தம்மா வாய மூடறதுக்காகத்தான் அன்புக்கரசியோட ஃபைல தொறந்தா சில்வியா.

ஏத்துன தேதி மூணு. கடைசி தேதி பதினஞ்சு.

பன்னெண்டு நாளு முன்னாடியே வந்த ஃபைலு.

லேட் லிஸ்ட்ல மொத்தம் பதிமூணு பேரு. ஒவ்வொண்ணா தொறந்தா. ரெண்டு பேரு நெஜமாவே லேட்டு. மீதி பதினோரு பேரும் நேரத்துக்குப் போட்டவங்க.

பதினோரு ஃபைலயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா. ஊரு வேற, ஸ்கூலு வேற, ஏத்துன நெட் சென்டரு வேற. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.

அப்பா பேரு கட்டத்துக்கு வந்ததும் மவுச பிடிச்ச கை நின்னுடுச்சு.

லேட் தவசிமுத்து. லேட் சுடலைராஜ். லேட் ஜேக்கப்.

செத்தவங்க பேருக்கு முன்னாடி நம்ம ஜனங்க போடற லேட்டு.

தாமதமா வந்த ஃபாரத்துக்கு ஆபீஸ்ல குறிப்பு கட்டத்துல 'லேட்'னு அடிச்சு வெப்பாங்க. ஸ்கிரிப்ட்டு அந்த வார்த்தைய அந்த ஒரு கட்டத்துல மட்டும்தான் தேடணும். சில்வியா அவசரத்துல வரி முழுக்கத் தேடுன்னு எழுதிட்டா. எங்க 'லேட்' கண்ணுல பட்டாலும் அது பேர தூக்கி ஓரமா போட்டுடுச்சு.

அப்பன் இல்லாத புள்ளைங்களா பாத்துப் பாத்து கழிச்சிருக்கு.

ஒரு வரிதான். மாத்தறதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

ஆனா புதுசா எது மாத்துனாலும் மொதல்ல பழைய ஃபைல்ல ஓட்டிப் பாத்துட்டுத்தான் இன்னிக்கு ஃபைல்ல கை வெப்பா. அது அவ வழக்கம். போன வருஷத்து ஃபைல எடுத்து ஓட்டுனா.

லேட் லிஸ்ட்ல இருந்து ஒம்பது பேரு எழுந்து வந்து நல்ல லிஸ்ட்ல ஒக்காந்தாங்க.

நாலாவது பேரு ஜெஸ்வின்.

அவ பையன்.

ஏத்துன தேதி ஒண்ணு. நேரம் காலைல பத்து ஏழு. பத்து மணிக்குத்தான் சைட்டே தொறந்துது.

அப்பா பேரு, லேட் நெல்சன். மொட்டையா நெல்சன்னு போடாதடா, மரியாதையா லேட்டுன்னு சேத்துப் போடுன்னு சொன்னதே அவதான்.

அவன் பேரு லேட் லிஸ்ட்ல வந்தப்போ அந்த ஃபைல அவ தொறந்துகூட பாக்கல. தன் புள்ளைக்காக உள்ள பூந்து நோண்டறாளேன்னு ஆபீஸ்ல ஒரு பேச்சு வந்துடக்கூடாது. அதான் நெனப்பு. நேரா வூட்டுக்குப் போயி, அக்கம்பக்கம் காதுல விழற மாதிரி கேட்டா. செத்த அப்பன் மேல சத்தியம் பண்ணி பொய் சொல்றியே, நீயெல்லாம் ஒரு புள்ளயாடா?

அவன் இப்போ காட்டுப்பள்ளி பக்கம் ட்ரெய்லர் லாரில கிளீனரா ஓடறான். ராத்தங்கல் ராயபுரத்துல சித்தப்பா வூட்ல. பத்து மாசமா பேச்சு இல்ல. சென்டர்ல சேர்ற வயசும் இந்த வருஷத்தோட தாண்டிடுச்சு. போன வருஷத்து லிஸ்ட்ட இனிமே யாருக்கு அனுப்பறது?

"இன்னாம்மா, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்துகினு கீற?"

சில்வியா இன்னிக்கு ஃபைல ஓட்டுனா. பதினோரு பேரும் சேந்தாங்க. அன்புக்கரசி எட்டாவது பேரு. நாலே முக்காலுக்கு லிஸ்ட்டு போயிடுச்சு.

"சீட்டு கெடச்சுடும்க்கா."

சீட்டு ஒரு பக்கம் கெடக்கட்டும்னு கைய ஆட்டிட்டு சீனியம்மாள் மேஜை மேல குனிஞ்சாங்க. "அப்ப எம் பொண்ணு பொய் சொல்லல?"

"சொல்லலக்கா." சில்வியா கண்ணு போன வருஷத்து ஃபைல் மேலயே இருந்துது. "மொத நாளே, பத்து ஏழுக்கே போட்டிருக்கான்."

"போட்டிருக்கானா?" சீனியம்மாள் முந்தானைல கண்ண தொடச்சுகினே சிரிச்சாங்க. "பொண்ணும்மா அது. எம் பொண்ணு."